தைக்குத் தை, பங்குனிக்குப் பங்குனி

என் கண்ணே,

வெள்ளிக்கிழமை நீ புனா ரயிலில் ஏறப் போகிறாய். அதுவரைக்கும் இந்த வீட்டில் யாரும் யாரோடும் நிம்மதியாகப் பேச முடியாது போலிருக்கிறது. உன் அப்பா பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போய் மூன்று பூட்டோடு திரும்பி வந்திருக்கிறார். உன் அத்தை, "பொண்ணைத் தனியா அத்தனை தூரம் அனுப்பறேளே" என்று காலையிலிருந்து நாலு தடவை கேட்டாயிற்று. நாலு தடவையும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "ஆமாம், அனுப்பறோம்." வாயால் பேச உட்கார்ந்தால் நடுவில் யாராவது காப்பி கேட்பார்கள், அதனால் எழுதுகிறேன். இதை உன் தோழிகளிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம். இதில் மறைக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அது என்னைப் பற்றியதுதான், அதையும் நானே ஊரறியச் சொல்லி ஐந்து வருஷமாகிறது. இது பெருமையடித்துக்கொள்ளும் கடிதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிடு.

சர்க்கார் வானிலை ஆபீஸில் உஷ்ணக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த உத்தரவை உன் அப்பா பால்காரர் வரைக்கும் படித்துக் காட்டிவிட்டார். "எங்காத்துலயே ஒரு வானிலை ஆபீஸ் இருக்கு, அதுல பழகின பொண்ணு" என்று சேர்த்துக்கொள்கிறார். நம் கொல்லையில் நிற்கும் அந்த மரப்பெட்டியின் கதை உனக்கு முழுக்கத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். பாதிதான் தெரியும். மீதிப் பாதியை நான் இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் தொடங்கிய மறு வருஷம் மார்கழியில் உன் அப்பா மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை வாங்கிக்கொண்டு வந்தார். உனக்கு அப்போது பதிமூன்று வயது. எந்தக் கப்பலில் தொங்கியதோ, வெள்ளை எனாமல் தகட்டில் கறுப்பில் பாரன்ஹீட் எண்கள், கண்ணாடிக் குழாயில் பாதரசம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை வெயில் படாமலும் காற்று படும்படியும் வைக்க வேண்டும் என்று ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, ராயப்பேட்டையிலிருந்து தச்சு வேலை செய்யும் பாய் ஒருவரை அழைத்து வந்தார். நாலு பக்கமும் சாய்த்து அடித்த பலகைச் சட்டம், மேலே இரட்டைக் கூரை, நாலடி உயரக் கால்கள். முடித்ததும் பாய் எட்ட நின்று பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னாம்மா இது? கோழிக்குப் பெரிசா கீது, ஆட்டுக்குச் சிறுசா கீது. யாருக்கு இந்த ஊடு?" வெயிலை அளக்கும் கருவிக்கு என்றேன். "வெயில அளக்கறத நெயல்ல குந்த வெச்சா அதுக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்துக்கொண்டே கூலியை வாங்கிக்கொண்டு போனார். நானும் அப்போது பாய் கட்சிதான்.

மறுநாளே தொடங்க வேண்டும் என்று உன் அப்பா துடித்தார். நான்தான் விடவில்லை. மார்கழியில் நல்ல காரியம் எதையும் தொடங்குகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது; தை பிறக்கட்டும் என்றேன். அவர் முணுமுணுத்தார், ஆனால் கேட்டுக்கொண்டார். பொங்கலன்று பானை பொங்கியது, சங்கு ஊதினோம், பிற்பகல் இரண்டு மணிக்கு நோட்டைத் திறந்து முதல் எண்ணை எழுதினோம். எண்பத்திரண்டு. மயிலாப்பூரில் அதைவிடச் சுகமான பகல் வருஷத்தில் எத்தனை வரும்? அந்த ஒரு சாஸ்திரத்தால் உன் படிப்பே நின்றுபோகப் பார்க்கும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பொங்கலன்று விடுமுறை, அவர் எழுதினார். மறுநாள் முதல் அவருக்கு ஆபீஸ். இரண்டு மணிக்கு அவர் பீச் ஸ்டேஷன் பக்கத்து ஆபீஸில் பேரேட்டோடு உட்கார்ந்திருப்பார், பெட்டி மயிலாப்பூரில் நிற்கும். எனவே பார்த்தவள் நான், எழுதியவள் நான். நோட்டின் அட்டையில் மட்டும் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் ஏமாற்ற நினைத்து அப்படிச் செய்யவில்லை. வீட்டில் சமைப்பதும் நான்தான், வாசல் பலகையில் இருப்பதும் அவர் பெயர்தானே, அந்த மாதிரி. எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், முதல் மாதத்திலேயே எனக்கு அந்த இரண்டு மணி பிடித்துப்போய்விட்டது. அடுப்பை அணைத்து, ஈரக்கையைத் துடைத்து, கதவைத் திறந்து, கண்ணை நேரே வைத்துப் பாதரசத்தைப் பார்ப்பேன். அந்த ஒரு நிமிஷம் யாரும் என்னை எதற்கும் கூப்பிட மாட்டார்கள்.

இரண்டாம் வருஷம் சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே மூட்டை கட்டியது உனக்கு நன்றாக நினைவிருக்கும். அடையாறு, மாம்பலம், மயிலாப்பூர் எங்கும் பூட்டிய வீடுகள். நாமும் காஞ்சிபுரத்தில் உன் சித்தப்பா வீட்டில் ஐந்து மாதம் இருந்தோம். உன் அப்பாவின் ஆபீஸையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டி தனியாகக் கொல்லையில் நின்றது, நோட்டில் ஐந்து மாதம் வெறும் பக்கங்கள். உன் பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தது. புரட்டாசியில் திரும்பி வந்தபோது நீங்கள் விட்ட பாடத்தைப் பிடிக்க முடியாமல் திண்டாடினீர்கள். ஐந்தாம் பாரத்தில் கணக்கு எடுத்த பெண்கள் ஏழே பேர். அந்த ஏழு பேரையும் ஒரே ஆள்தான் தூக்கி நிறுத்தினாள்: அடையாறிலிருந்து வரும் உங்கள் கணக்கு டீச்சர். காலை முழுக்க அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, பிறகு பஸ் பிடித்துப் பாலம் கடந்து இரண்டு மணிக்கு இங்கே வருவாள். அவளால் வர முடிந்த நேரம் அது ஒன்றுதான். அதனால் கணக்கு என்றாலே பிற்பகல் வகுப்பு என்று ஆயிற்று.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். மூன்றாம் வருஷம் பங்குனி உற்சவம். ஊரை விட்டு ஓடிய உறவெல்லாம் திரும்பி வந்த சந்தோஷத்தில் நம் வீட்டில் பதினெட்டுப் பேர். தேர், அறுபத்துமூவர் என்று ஐந்து நாள் எனக்கு உட்கார நேரமில்லை. இரண்டு மணி என்பது பந்தி நடக்கும் நேரம். ஐந்து நாளும் பெட்டிப் பக்கமே போகவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் நோட்டைத் திறந்தால் ஐந்து வரி வெறுமையாக இருந்தது. இரண்டு வருஷமாக, வீட்டில் இருந்த ஒரு நாளையும் விடாதவள் நான். அந்த வெறுமை எனக்கு அவமானமாக இருந்தது. புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பட்ட புழுக்கத்தை நினைத்து, ஐந்து வரியிலும் தொண்ணூற்றெட்டு என்று எழுதினேன். ஐந்திலும் ஒரே எண். பொய் சொல்வதில்கூட எனக்கு அனுபவம் போதவில்லை, பார்.

அதற்கு மூன்று வாரத்தில் சித்திரை பிறந்தது. வருஷப் பிறப்பன்று உன் அப்பா கட்டம் போட்ட பெரிய காகிதத்தைத் தரையில் விரித்தார். நோட்டைப் பார்த்துப் பார்த்துப் புள்ளிகள் வைத்தார். ஊரை விட்டுப் போன ஐந்து மாதத்தைத் தாண்டிக் குதித்தார். கடைசியில் அளவுகோலை எடுத்து, பொங்கலன்று வைத்த முதல் புள்ளியிலிருந்து அன்றைக்கு வைத்த கடைசிப் புள்ளி வரை ஒரே இழுப்பாகச் சிவப்புக் கோடு ஒன்றை இழுத்தார். எண்பத்திரண்டிலிருந்து தொண்ணூற்றைந்து. "பார்த்தியா, ரெண்டே கால் வருஷத்துல பதிமூணு டிகிரி! இப்படியே போனா ரசம் கொதிக்க அடுப்பே வேண்டாம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யுத்தம் வந்தது முதல், பட்டாள லாரி ஓட ஆரம்பித்தது முதல், வெயில் ஏறிவிட்டது என்று காய்கறிக்காரி முதல் கோயில் குருக்கள் வரை சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் வாசகசாலைச் சுவரில் மாட்டினார். இரண்டு நாள் அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தக் கோட்டை உங்கள் பள்ளிக்கூடக் காரியதரிசி பார்த்தார். அவரைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை; மனிதர் இப்போது இல்லை. வளர்ந்த பெண்கள் பிற்பகலில் தெருவில் நடந்து போவது அவருக்கு எப்போதுமே பிடித்ததில்லை. முதலில் பட்டாளக்காரர்கள் நடமாட்டம் என்றார், பிறகு பஸ் சரியில்லை என்றார். இரண்டுக்கும் கமிட்டி மசியவில்லை. இப்போது கையில் ஒரு கோடு கிடைத்துவிட்டது. வெயில் வருஷா வருஷம் ஏறுகிறது, பெண் குழந்தைகளின் உடம்பு தாங்காது, ஆகையால் ஆனி முதல் பிற்பகல் வகுப்புகள் கிடையாது என்று தீர்மானம் எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் வைப்பதாக நோட்டீஸ் ஒட்டினார். பிற்பகல் இல்லையென்றால் டீச்சர் இல்லை, டீச்சர் இல்லையென்றால் கணக்கு இல்லை. நீ பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துக்குப் போக வேண்டிய வருஷம் அது. கணக்கு இல்லாமல் பரீட்சை எழுதினால் காலேஜில் சயன்ஸை மறந்துவிட வேண்டியதுதான்.

நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ நோட்டைக் கேட்டாய். மூன்று நாள் அதை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டலும் வகுத்தலுமாகப் பென்சிலைத் தேய்த்தாய். புதன்கிழமை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாய்.

"அம்மா, அப்பா கோட்டுக்கு ஒரு கால் பனியில இருக்கு, இன்னொரு கால் வெயில்ல இருக்கு."

"என்னடி உளர்றே?"

"தையில ஆரம்பிச்சு சித்திரையில முடிச்சிருக்கார். எந்த வருஷமானாலும் ஏறத்தானேம்மா ஏறும்? மார்கழியில வாங்கினதை ஏன் தை வரைக்கும் வெச்சிண்டிருந்தேள்?"

நான்தான் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. நான் கீரையை வேகமாக ஆய்ந்தேன். நீ விடவில்லை. முழு வருஷமாக எடுக்கலாமென்றால் நடுவில் ஐந்து மாதம் ஓட்டை. ஆனால் தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் மூன்று வருஷத்திலும் ஒரு குறையுமில்லாமல் இருக்கின்றன. தைக்குத் தையையும் மாசிக்கு மாசியையும் பங்குனிக்குப் பங்குனியையும் ஒத்துப் பார்த்தால் கோடு படுத்துவிடுகிறது என்றாய். சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் பங்குனி மட்டும்தான் கொஞ்சம் தூக்கிண்டு நிக்கறது. அஞ்சு நாள் வரிசையா தொண்ணூத்தெட்டு. நிஜமாவே அப்படி இருந்துதாம்மா?" என்று கேட்டாய்.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். கீரைத் தட்டைத் தள்ளிவிட்டு, "அப்பா கணக்குலயும் தப்பு, அம்மா கணக்குலயும் தப்பு, நீதான் பெரிய மேதையோ? பதினஞ்சு வயசுக்கு வாயைப் பாரு. போய் விளக்கைத் துடை" என்று கத்தினேன். நீ எழுந்து விளக்கைத் துடைக்கப் போனாய். உன்னைத் திட்டிய நாட்கள் எத்தனையோ உண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நான் வருத்தப்படவில்லை. நீயும் லேசுப்பட்டவள் இல்லை. ஆனால் அந்த ஒரு புதன்கிழமைக்கு இன்றுவரை வருத்தப்படுகிறேன். உன் அப்பாவுக்கோ ஊருக்கோ நான் பயப்படவில்லை. உனக்குத்தான் பயந்தேன். நான் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் நம்பி நீ மூன்று நாள் கூட்டிக் கழித்திருக்கிறாய். அதில் ஐந்து பொய் என்று உன் கண்ணைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடக் கூடத்தில் ஒன்பது கமிட்டிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தகப்பனார்கள் பெஞ்சில். தாயார்கள் நாங்கள் கதவோரம் நின்றோம். அப்பாவின் காகிதம் வாசகசாலையிலிருந்து கழற்றி வந்து கரும்பலகை மேல் மாட்டப்பட்டிருந்தது. காரியதரிசி பிரம்பால் அந்தச் சிவப்புக் கோட்டைத் தடவித் தடவிப் பேசினார். உன் அப்பா முன் பெஞ்சில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ சொன்னதை அவரிடமும் சொல்லியிருந்தாய். அவருக்கு அது புரிந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஊரே பாராட்டிய கோட்டை எழுந்து நின்று தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மட்டும் என்ன யோக்யதை?

உங்கள் டீச்சர்தான் எழுந்து, "பாதிக்கப்படுகிற மாணவி ஒருத்தி பேச விரும்புகிறாள்" என்றாள். "குழந்தை ஸ்லோகம் ஏதாவது சொல்லப் போறதா?" என்று காரியதரிசி கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். நீ நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனாய். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாய்.

"எங்கப்பா போட்ட கோடு தப்பில்லை. ஆரம்பிச்ச இடமும் முடிச்ச இடமும்தான் தப்பு. ஐப்பசி மழை கொட்டி முடிஞ்சதும் ஒரு தடவை கிணத்தை எட்டிப் பாருங்கோ. அப்புறம் சித்திரையில ஒரு தடவை எட்டிப் பாருங்கோ. கிணறு செத்துப்போச்சுன்னுதான் தோணும். அதுக்காக யாராவது கிணத்தைத் தூர்த்துடுவாளா? மறு ஐப்பசி வரைக்கும் பொறுத்துப் பார்க்க மாட்டாளா?"

கதவோரம் நின்ற நாங்கள் அத்தனை பேரும் கிணற்றில் தண்ணீர் இழுப்பவர்கள். எங்களுக்கு உடனே புரிந்தது. என் பக்கத்தில் நின்றவள், "சரியாத்தானே சொல்றா" என்று உரக்கவே சொன்னாள். நீ கரும்பலகையில் மூன்று மாதங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் மூன்று வருஷத்துச் சராசரியைப் போட்டாய். தையில் ஏறவில்லை. மாசியில் ஏறவில்லை. பிறகு நீ சொன்னாய், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: "வெயில் ஏறவே இல்லைன்னு நான் சொல்லலை. மூணு வருஷத்தை வெச்சிண்டு ஏறித்துன்னும் சொல்ல முடியாது, ஏறலைன்னும் சொல்ல முடியாது. அதுக்கு எங்காத்து நோட்டு போறாது. வகுப்பை நிறுத்தறதுக்கு இந்தக் கோடு காரணமாகாது, அவ்வளவுதான்."

காரியதரிசி சும்மா விடுகிற ஆள் இல்லை. உன் கையிலிருந்த நோட்டை வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். முகம் மலர்ந்தது. "ஏறலையா? இந்தப் பங்குனியைப் பாருங்கோ எல்லாரும். அஞ்சு நாள் தொடர்ந்தாப்பல தொண்ணூத்தெட்டு! முந்தின ரெண்டு பங்குனியில இப்படி ஒரு நாளாவது உண்டா? சொல்லும்மா, இது என்ன?"

நீ அந்தப் பக்கத்தைப் பார்த்தாய். "அந்த அஞ்சு நாளைப் பத்தி எனக்குத் தெரியலை" என்றாய். உனக்குத் தெரியும். நான் கத்திய அந்தக் கணமே உனக்குத் தெரிந்துபோயிருக்கும். அப்படியும் நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் படிப்பு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது, உன்னைக் காப்பாற்றக்கூடியவள் பத்தடி தூரத்தில் நின்றாள், நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். பார்க்காததால் என்னால் நிற்க முடியவில்லை. கால் தானாக நடந்தது. ஆண்கள் கூட்டத்தின் நடுவே நான் அதுவரை நடந்ததே இல்லை.

"அந்த அஞ்சு நாளும் பொய். எழுதினது நான்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஆரம்பித்தாயிற்று, இனி என்ன என்று முழுவதையும் கொட்டினேன். "இந்த நோட்டுல முதல் நாள் தவிர ஒவ்வொரு எண்ணும் நான் பார்த்து எழுதினது. இவர் அந்த நேரத்துல ஆபீஸ்ல இருப்பார். அந்த அஞ்சு நாள் மட்டும் பார்க்காம எழுதினேன். உற்சவம், ஆத்துல பதினெட்டுப் பேர். வேர்த்த வேர்வையைப் பார்த்து ஒரு எண்ணைப் போட்டேன். அதை அடிச்சுட்டு மீதியைக் கூட்டிப் பாருங்கோ."

நீ உடனே திரும்பி, கரும்பலகையிலேயே கூட்டத் தொடங்கிவிட்டாய். சாக்பீஸ் சத்தம் மட்டும் கேட்டது. பங்குனி இறங்கி, முந்தின வருஷங்களோடு ஒன்றாக நின்றது. ஆனால் காரியதரிசிக்கு அதைவிடப் பெரிய பிடி கிடைத்ததாக நினைப்பு. "அஞ்சு நாள் பொய்னா, அப்போ நோட்டு முழுக்கவே பொய்னு வெச்சுக்கலாமா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பதில் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. "தாராளமா வெச்சுக்கோங்கோ. நோட்டு பொய்னா அதைப் பார்த்துப் போட்ட கோடும் பொய். கோடு பொய்னா அப்புறம் எதைக் காட்டி வகுப்பை நிறுத்துவேள்?"

முதலில் சிரித்தது கமிட்டித் தலைவர். பிறகு பெஞ்சு, பிறகு கதவோரம். அந்தச் சிரிப்பின் நடுவில் உன் அப்பா எழுந்தார். கரும்பலகைக்குப் போய், தன் காகிதத்தை ஆணியிலிருந்து மெதுவாகக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "என் கோட்டை நான் எடுத்துக்கறேன். என் பொண்ணு சொல்றதுதான் சரி. நோட்டு என் ஆத்துக்காரியோடது" என்றார். கமிட்டியில் கை தூக்கச் சொன்னார்கள். தீர்மானத்துக்கு இரண்டு கை, எதிர்த்து ஏழு கை! உங்கள் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் உன்னைக் கட்டிக்கொண்டு, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கமே இல்லாமல் அழுதேன். ஜெயித்தோமடி! திரும்பி வரும்போது மாட வீதி முழுக்க எனக்கு நானே தேரில் வருகிற மாதிரி இருந்தது.

மறு வருஷம் நீங்கள் ஏழு பேரும் தேறினீர்கள். பிறகு காலேஜ், பௌதிகம், முதல் வகுப்பு. அதெல்லாம் உன் அப்பா சொல்லி ஊரே மனப்பாடம் செய்துவிட்டது. நான் இங்கே எழுத வந்தது வேறு. நீ போகிற இடத்தில் பெரிய பெரிய கோடுகள் போட்டு வைத்திருப்பார்கள். போட்டவர்கள் உன்னைவிடப் படித்தவர்களாக இருப்பார்கள். மரியாதையாகப் பேசு, ஆனால் கோடு எங்கே ஆரம்பிக்கிறது, ஏன் அங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்காமல் இருக்காதே. அதற்குப் பின்னால் ஏதோ ஒரு மாமி மார்கழி கூடாது என்று சொல்லியிருப்பாள். விட்டுப்போன நாள் விட்டுப்போன நாளாகவே இருக்கட்டும். வெறும் வரியைப் பார்த்து வெட்கப்பட்டு எதையும் இட்டு நிரப்பாதே. நான் அந்த ஐந்து எண்களை அடித்திருக்கிறேன், அழிக்கவில்லை. யார் வந்து புரட்டினாலும் தெரிய வேண்டும்.

உன் விஷயத்திலும் இதே மாதிரி பொறுத்துப் பார். புனாவில் முதல் மாதம் மழை கொட்டுமாம், சாப்பாடு சரியாக இருக்காதாம், பாஷை புரியாது. அந்த ஒரு மாதத்தை வைத்து, வந்தது தப்பு என்று முடிவு செய்துவிடாதே. மறு ஆனி வரைக்கும் பார். நாளைக்கு ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டால் அவரையும் அப்படியே பார். உன் அப்பாவை நான் அந்த இரண்டே கால் வருஷத்தை மட்டும் வைத்து எடை போட்டிருந்தால், அவர் எழுந்து காகிதத்தைக் கழற்றிய மனிதர் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். என்னையும் அந்தப் புதன்கிழமையை மட்டும் வைத்துப் பார்க்காதே என்று கேட்டுக்கொள்கிறேன். இதைக் கேட்க எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று.

நோட்டு இப்போது நாலாவது ஓடுகிறது. அட்டையில் என் பெயர், உன் அப்பாவே எழுதிக்கொடுத்தார். ஏழரை வருஷம் ஆகிவிட்டதே, வெயில் ஏறுகிறதா இல்லையா சொல்லு என்று அவர் அரித்தெடுக்கிறார். இன்னும் போறாது என்று சொல்லிவிட்டேன். பார்ப்பதை நிறுத்த மாட்டேன்.

நேற்று கொளுத்தியது. நூற்று மூன்று. நோட்டில் எழுதிவிட்டு வாசலுக்கு வந்தேன். பிற்பகல் வகுப்புக்குப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தார் சுடுகிறது என்று குதித்துக் குதித்து, ஒருத்தி பேச்சை ஒருத்தி கேட்காமல், சிரித்துக்கொண்டு. எண்ணினேன். இருபத்தாறு பேர். அவர்களில் ஒருத்திக்கும் நீ யார் என்று தெரியாது. இப்படி ஒரு வகுப்பு இல்லாமல் போகப் பார்த்தது என்பதும் தெரியாது. மணி இரண்டாகிவிட்டது, கணக்கு டீச்சர் வந்திருப்பாள், தாமதமானால் திட்டுவாள் என்பது மட்டும் தெரியும், ஓடினார்கள்.

போய் வா.

உன் அம்மா